68 வயதில் மோட்டார் சைக்கிள்: ஓட்டலாமா, விடலாமா?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வயது 68. 25 வயதில் மோட்டார் சைக்கிளில் ஏறியவன், இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன். வண்டி ஹொண்டா சீடீ 125. நீண்ட காலமாகச் சீனி வருத்தம், பிரஷருக்கும் மருந்து. போன மழைக்காலத்தில் இரண்டு தடவை விழுந்தேன். ஓடும்போது விழவில்லை. ஒருதடவை கோயில் ஏற்றத்தில் நிறுத்தும்போது, மற்றது பெற்றோல் ஷெட்டில் வண்டியைத் திருப்பும்போது. பெரிய காயம் இல்லை. பாதம் பஞ்சில் வைப்பதுபோல் இருக்கிறது, ஆனால் ஓட்டும்போது ஒரு குறையும் தெரிவதில்லை. இப்போது வருகிற பார்ட்ஸ்தான் சரியில்லை, பின் பிரேக் ஷூ சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. இரவில் எதிரே வரும் லைட் கண்ணைக் கூசுகிறது. பேத்தியைப் பாடசாலைக்கு நான்தான் ஏற்றி இறக்குகிறேன். கொழும்பில் இருக்கும் மகன் வண்டியை விற்கச் சொல்கிறான், மனைவிக்கும் எனக்கும் இதே சண்டை. இன்னும் ஐந்தாறு வருடமாவது ஓட்ட வேண்டும். முழங்காலுக்கும் முதுகுக்கும் என்ன பயிற்சி செய்யலாம்?

பதில்: அன்புள்ள ஐயாவுக்கு வணக்கம்.

பயிற்சி கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன். ஆனால் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) உங்கள் கடிதத்தைப் படித்தபோது, முழங்காலையும் முதுகையும் தாண்டி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு விஷயங்களில் என் மனம் நின்றுவிட்டது. பிரேக் ஷூ சீக்கிரம் தேய்கிறது என்கிறீர்கள். பாதம் பஞ்சில் வைப்பதுபோல் இருக்கிறது என்கிறீர்கள். இரண்டையும் வேறு வேறாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை ஒன்றாகத்தான் தெரிகின்றன.

சீடீ 125இல் பின் பிரேக் வலது காலுக்கு. உள்ளங்காலில் உணர்ச்சி குறைந்தவருக்குத் தன் கால் பெடலில் அழுந்திக்கொண்டிருப்பது தெரியாது. அப்படியே டவுன் வரைக்கும் போய்விடுவார். ஷூ தேயும், டிரம் சூடேறும், பின்னால் பிரேக் லைட் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். பின்னால் வருகிற பஸ் சாரதிக்கு நீங்கள் உண்மையிலேயே எப்போது பிரேக் பிடிக்கிறீர்கள் என்று எப்படித் தெரியும்? உங்கள் பின்னால் வந்த யாராவது இந்த லைட்டைப் பற்றி எப்போதாவது சொல்லியிருக்கிறார்களா, யோசித்துப் பாருங்கள். பார்ட்ஸ் மட்டமாகவும் இருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. காலைப் பார்க்காமல் பார்ட்ஸை மட்டும் குறை சொல்ல வேண்டாம் என்கிறேன்.

பல வருடம் சீனி கூடுதலாகவே இருக்கும்போது நரம்புகள் கெடுகின்றன. உடம்பில் மிக நீளமான நரம்புகள் கால் விரல்களுக்குப் போகிறவை, அதனால் கெடுதல் அங்கேதான் தொடங்கும். தொடு உணர்ச்சி மட்டும் போவதில்லை. குனிந்து பார்க்காமலே கால் எங்கே இருக்கிறது, எந்தச் சாய்வில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்கிற உணர்வும் மங்கும். இரண்டாவதுதான் மோட்டார் சைக்கிள்காரருக்குப் பெரிய ஆபத்து.

இப்போது நீங்கள் விழுந்ததைப் பார்ப்போம். ஓடும்போது விழவில்லை என்பதை நீங்கள் ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதைக் கவலையோடு வாசித்தேன். ஓடுகிற வண்டி பெரும்பாலும் தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும். உங்களுக்கு நாற்பது வருடப் பழக்கமும் இருக்கிறது, வளைவில் எவ்வளவு சாய வேண்டும் என்று உடம்புக்கே தெரியும். உடம்பின் குறை வெளியே வருவது வண்டி நிற்கும் அந்த ஓரிரு விநாடியில்தான். நம் ஊர்க் கோயில் ஏற்றம் எப்படி இருக்கும்? சீமெந்துப் பாதை, ஓரத்தில் பாசி, மழைத் தண்ணீர் குறுக்கே ஓடும். வலது கால் பிரேக்கை விட முடியாது, விட்டால் வண்டி பின்னால் உருளும். இடது காலை ஊன்ற வேண்டும். இடது பக்கம் தரை ஒரு சாண் தாழ்ந்திருக்கும். கால் போய்த் தரையைத் தேட வேண்டும், தொட்டது பாசியா, கல்லா, வெறும் சீமெந்தா என்று அறிய வேண்டும், அப்புறம் இடுப்பும் முழங்காலும் நூறு கிலோவுக்கு மேற்பட்ட வண்டியைத் தாங்க வேண்டும். வண்டி கொஞ்சம் சாய்ந்ததுமே உணர்ந்துகொண்டால் சின்ன அசைவில் நிமிர்த்திவிடலாம். குறிப்பிட்ட அளவு சாய்ந்துவிட்டால் 20 வயதுப் பையனாலும் பிடிக்க முடியாது. உங்களுக்குப் பலம் போதாமல் வண்டி விழவில்லை என்றே நினைக்கிறேன். சாய்வது உங்களுக்குத் தாமதமாகத் தெரிந்திருக்கிறது.

இதை நீங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். வீட்டில் அம்மாவின், அதாவது உங்கள் மனைவியின், உதவி வேண்டும். சண்டையை ஐந்து நிமிடம் ஒத்திவையுங்கள். காலுறையைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் படுத்து, காலை நீட்டி, கண்களை மூடிக்கொள்ளுங்கள். வலது, இடது எது என்று முதலில் ஒருமுறை காட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு அம்மா தன் ஆள்காட்டி விரல் நுனியால் உங்கள் கால்விரல் நுனியைப் பட்டும் படாமலும் ஓரிரு விநாடி தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவவும் கூடாது. வலது பெருவிரல், வலது சின்னவிரல், இடது பெருவிரல், இடது சின்னவிரல், பிறகு வலது நடுவிரல், இடது நடுவிரல். தொட்டது தெரிந்ததும் வலது என்றோ இடது என்றோ நீங்கள் சொல்ல வேண்டும். தெரியாமல் போன விரலை மறுபடி தொட்டுப் பார்க்க வேண்டாம், அதைத் தெரியவில்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தவறினால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

முடிவு எதுவானாலும் அடுத்த கிளினிக் நாளில் வைத்தியரிடம் பாதத்தைக் காட்டுங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழையாலும், இசைக்கவை என்கிற அதிரும் கவையாலும் இதை இன்னும் சரியாகப் பார்ப்பார்கள். நீங்கள் சீனிக்கு மெட்போமின் மாத்திரை எடுப்பவரானால் இரத்தத்தில் விட்டமின் பி12 அளவையும் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். பல வருடம் அந்த மருந்து எடுப்பவர்களில் சிலருக்கு பி12 குறையும், அதுவும் நரம்பைக் கெடுக்கும். அந்தக் குறையை மருந்தால் ஈடு செய்யலாம். சீனியால் கெட்ட நரம்பு அப்படி எளிதாகத் திரும்பாது. கட்டுப்பாட்டில் வைத்தால் மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம். எந்தப் பயிற்சியாலும் அந்த உணர்ச்சியை நான் திருப்பித் தர முடியாது.

ஆகவே என் அபிப்பிராயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பேத்தியை இனி ஏற்ற வேண்டாம், நாளைக் காலையிலிருந்தே. இரவில் ஓட்ட வேண்டாம், அதுவும் இன்றே. வண்டியையே விட வேண்டிய காலமும் வந்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். விரல் சோதனையில் இரண்டு தவறினால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. ஆறும் சரியாக வந்து, கிளினிக்கிலும் கால் நன்றாக இருக்கிறது என்று சொன்னால், கண்ணைப் பார்த்து முடித்த பிறகு, பகலில், மழையில்லாத நாளில், தனியாக, தோட்டத்துப் பாதையில் மட்டும் ஓட்டுவதைப் பற்றிப் பேசலாம். அதற்கும் வைத்தியர் சம்மதிக்க வேண்டும்.

68 வயது என்பதற்காக இதைச் சொல்லவில்லை, ஐயா. 70 தாண்டியும் கண், கால், கழுத்து மூன்றும் ஒத்துழைத்து நன்றாக ஓட்டுகிறவர்கள் உண்டு. 50 வயதிலேயே நிறுத்த வேண்டியவர்களும் உண்டு. நம் நாட்டில் மோட்டார் சைக்கிள் போன்ற இலகு வாகனங்களுக்கான சாரதி அனுமதிப்பத்திரம் எட்டு வருடம் செல்லுபடியாகும். புதுப்பிக்கும்போது வைத்தியச் சான்றிதழ் கேட்பார்கள். அன்றைக்கு நீங்கள் தேறியது அன்றைய உடம்புக்கு. அதற்குப் பிறகு வருகிற வருடங்களில் கால் மரத்தாலும் கண் மங்கினாலும் அந்த அட்டைக்குத் தெரியாது. அதில் இன்னும் காலம் மிச்சம் இருக்கிறது என்பதை உடம்புக்குக் கிடைத்த அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கண்ணைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எதிரே வரும் லைட் கூசுவது பெரும்பாலும் கண்புரையின் வேலை. புரை இல்லாவிட்டாலும், 60 வயதில் கண்ணின் உட்புறம் போய்ச் சேரும் வெளிச்சம் 20 வயதில் சேர்ந்ததில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். கூசிய கண் பழைய நிலைக்கு வரவும் அதிக நேரம் எடுக்கும். 40 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 11 மீற்றர் போகும். நோர்வூட் தாண்டிப் பனிமூட்டத்தில் ஒரு வளைவு, எதிரே லொறி, இரண்டு விநாடி கண் தெரியவில்லை என்றால் இருபது மீற்றருக்கு மேல் பாதையே தெரியாமல் போயிருக்கிறீர்கள். நல்ல வேளையாக, புரையைச் சத்திரசிகிச்சையால் நீக்கலாம், அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாகவே செய்கிறார்கள். புரை இருந்தால், வண்டி ஓட்டினாலும் விட்டாலும் அதைச் செய்துகொள்ளுங்கள். மங்கிய கண்ணோடு படியிறங்குவதும் ஆபத்துதான்.

மருந்தையும் ஒரு கண் பார்க்க வேண்டும். கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற சீனி மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு விரதம் இருந்தால் சீனி திடீரென்று இறங்கிவிடும், கை நடுங்கி, தலை கிறுகிறுக்கும். தடிமனுக்குப் போடும் பிரிட்டோன் தூக்கம் வரவைக்கும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவராக இருந்தால், தலையில் படும் சின்ன அடிகூட உள்ளே கசிவாகலாம். இதையெல்லாம் உங்கள் வைத்தியரிடம் பட்டியலோடு கேளுங்கள்.

மகன் ஒரு ஸ்கூட்டி வாங்கித் தருகிறேன் என்று சொல்லக்கூடும், பலரும் அப்படித்தான் முடிவு செய்கிறார்கள். அதில் இரண்டு பிரேக்கும் கையில் இருப்பது உண்மைதான், வண்டியும் பாரம் குறைவு. கால் நன்றாக இருந்து முழங்கால் மட்டும் வலிக்கிறவருக்கு நானே சிபாரிசு செய்திருப்பேன். ஆனால் நிற்கும்போது ஊன்றப் போவது அதே கால்தான். இன்னொன்று, நம் மலைப்பாதை. சீடீயை இரண்டாம் கியரில் போட்டால் இறக்கத்தில் இஞ்சினே பிடித்துக்கொள்ளும். ஸ்கூட்டியில் அந்தப் பிடி குறைவு, இறக்கம் முழுவதும் பிரேக்கை நம்பித்தான் வர வேண்டும், நீண்ட இறக்கத்தில் அது சூடேறிப் பிடி குறையும். சின்னச் சக்கரம் வேறு, தோட்டத்துக் குழியில் மூக்கைக் குத்தும். சொந்தமாக த்ரீவீலர் எடுத்து ஓட்டலாமா, கார் ஓட்டலாமா என்று நினைத்தால், அவற்றிலும் பிரேக் வலது காலில்தான். பாதச் சோதனை முடியும்வரை அந்த யோசனையும் வேண்டாம்.

விடுவது எளிது என்று நான் நினைக்கவில்லை. வெளிக்கள உத்தியோகத்தருக்கு மோட்டார் சைக்கிள் வெறும் வாகனமா என்ன? விடிய முன், ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்துக்குப் போனது அதில். மழையோடு மழையாக மலை மலையாக ஏறி இறங்கியது அதில். வண்டிச் சத்தம் கேட்டதுமே ஐயா வருகிறார் என்று தொழிலாளர் லயத்தில் சொன்னவர்கள் இன்றும் இருப்பார்கள். ஒரு சாவு வீடு, ஒரு சடங்கு வீடு என்றால் யாரையும் எதிர்பார்க்காமல் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பியவர், இனிமேல் மற்றவர் வருகைக்காக வாசலில் நிற்க வேண்டும். அது வலிக்கும். வண்டியை விட்ட பலர் முதல் சில மாதம் வீட்டைவிட்டே வெளியே வருவதில்லை. அந்தச் சில மாதத்தில் தொடைச் சதை கரைந்து, வீட்டுக்குள்ளேயே விழுகிறார்கள். உங்கள் விஷயத்தில் எனக்கு இருக்கிற பெரிய பயம் இதுதான். அதனால் வண்டியை விடுவதையும் போக்குவரத்துக்கு ஏற்பாடு செய்வதையும் ஒன்றாகச் செய்ய வேண்டும்.

ஒரு தாளை எடுத்து வண்டிக்கு ஒரு வருடம் ஆகும் செலவை எழுதுங்கள். வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனை, டயர், சேர்விஸ், அந்தப் பிரேக் ஷூ, பெற்றோல். அதைப் பன்னிரண்டால் பிரித்தால் மாதத்துக்கு ஒரு தொகை வரும். தோட்டத்தில் நம்பிக்கையான ஒரு த்ரீவீலர் பையனைக் கூப்பிட்டு அந்தத் தொகைக்குள் மாதக் கணக்காகப் பேசுங்கள்: கிளினிக் நாள், கோயில் நாள், சந்தை நாள். பெரிய ரோட்டுக்கு வந்துவிட்டால் ஹட்டனுக்கு பஸ் இருக்கிறது. கஷ்டம் தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு வருகிற துண்டுதான், அந்தத் துண்டுக்கு மட்டும் ஆள் இருந்தால் போதும். பேத்திக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சேர்த்துப் பாடசாலை வேனோ த்ரீவீலரோ பாருங்கள். ஏற்றிவிடவும் இறக்கிக்கொள்ளவும் நீங்கள் சந்தியில் நின்றால், அவளுக்குத் தாத்தா எங்கும் போய்விடவில்லை.

இனி நீங்கள் கேட்ட பயிற்சி. கைப்பிடி இல்லாத கதிரையைச் சுவரோடு சேர்த்துப் போட்டு உட்காருங்கள். கைகளை நெஞ்சில் குறுக்கே வைத்துக்கொண்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். 30 விநாடியில் எத்தனை முறை முடிகிறது என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயது ஆண்களுக்கு 12க்குக் குறைந்தால் கால் பலம் போதாது. குறைந்தால் கவலைப்பட வேண்டாம், தினம் காலையும் மாலையும் முடிந்த அளவு செய்யுங்கள், கூடும். முழங்காலுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. குசினி மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். அதே இடத்தில், ஒரு பாதத்தின் குதிகாலுக்குப் பின்னால் மற்றப் பாதத்தின் விரல்கள் தொடும்படி நேர்கோட்டில் நின்று பழகுங்கள், கையை மேடையிலிருந்து எடுக்க வேண்டாம். இவை பஸ் படிக்கான பயிற்சியும்கூட. நம் பஸ்களில் முதல் படி உயரம், கால் தரையில் படும் முன்பே சில பஸ்கள் கிளம்பிவிடும். பஸ் முழுதாக நின்ற பிறகு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலைக் கண்ணால் பார்த்து இறங்குங்கள். முதுகுக்குத் தனியாக எதுவும் சொல்லவில்லை, வண்டியில் குலுங்குவது நின்றாலே பாதி குறையும் என்று எதிர்பார்க்கிறேன். குறையாவிட்டால் நேரில் காட்டுங்கள்.

தினமும் நடங்கள், ஆனால் சப்பாத்துப் போட்டுக்கொண்டு. உள்ளே கல் இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள். வெயில் நேரத்தில் கோயில் கல்லில் வெறுங்காலோடு சுற்றாதீர்கள், கொப்புளம் வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. இரவு படுக்கும் முன் இரண்டு உள்ளங்காலையும் அம்மா ஒருமுறை பார்க்கட்டும்.

இதை மகனும் வாசிப்பார் என்று நம்புகிறேன். தம்பி, சாவியை ஒளித்து வைக்காதீர்கள், அப்பாவுக்குத் தெரியாமல் வண்டிக்கு ஆளும் பார்க்காதீர்கள். முடிவு அவருடையதாக இருக்கட்டும். ஒரு வார இறுதியில் வந்து, அவரோடு கிளினிக்குக்குப் போய், அந்த நைலோன் இழை அவர் பாதத்தில் படும்போது பக்கத்தில் இருங்கள். த்ரீவீலருக்கான பணத்தை மாதாமாதம் அவர் கேட்காமலே அனுப்பினால் இன்னும் நல்லது.

வண்டியைக் கொடுக்கும்போது ஐயா ஒன்றைக் கவனிக்க வேண்டும். சீடீ 125க்கு ஆள் உடனே கிடைக்கும், தெரிந்த பையன்தானே என்று, பெயர் மாற்றாமல் ஓப்பன் பேப்பரில், அதாவது நிரப்பாத படிவத்தில், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். அவன் எங்காவது யாரையாவது மோதினால் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் உங்கள் பெயரைத் தேடித்தான் பொலிஸ் வரும். உரிமை மாற்றப் படிவங்களை இரண்டு பேரும் சேர்ந்து நிரப்பி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாறிய பிறகு நிம்மதியாக இருங்கள். அதுவரை பதிவுப் புத்தகத்தின் பிரதியும் வாங்கியவருடைய அடையாள அட்டைப் பிரதியும் உங்கள் கையில் இருக்கட்டும்.